பதினாலாம் அறை அடுப்பு

முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.
ஸ்விட்சை அணைத்தால் போதாது, இந்த லாட்ஜில்
ஸ்விட்ச் சொல்வதை ஒயர் கேட்காது.
பிறகு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.
சிவப்பு போனதும் கம்பி ஆறிவிட்டதென்று அர்த்தமில்லை.
என் வலது கட்டைவிரலில் ரேகை இல்லாத இடம்
அதைத் தெரிந்துகொண்ட இடம்.
ரேஷன் கடை மிஷின் இன்னமும்
நான் நவநீதம்தான் என்பதை ஒத்துக்கொள்வதில்லை.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் முப்பத்திரண்டு அறை,
முப்பத்திரண்டு காயில் அடுப்பு.
ஆள் காலி செய்ததும் அடுப்பு என்னிடம் வரும்.
பழைய டூத்பிரஷ், காய்ந்த துணி, ஸ்குரூ டிரைவர்.
தண்ணீர் ஆகாது. சோப்பு ஆகாது.
பீங்கான் பள்ளத்தில் பிரஷ்ஷை ஓட்டினால்
ஊர் ஊராக உதிரும்.
கடுகெண்ணெய்ப் பிசுக்கு, மால்டா.
கருகின பால், ராஞ்சி.
பொங்கி வழிந்து காய்ந்த கஞ்சிப் பொருக்கு
எந்த ஊரோ, ஆனால்
உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட யாரோ.
உப்புப் பட்ட கம்பி பச்சை பூக்கும்.
இது பூக்கவில்லை.

அறுந்த கம்பியை முறுக்கிச் சேர்ப்பவர்கள் உண்டு.
முறுக்கின இடம் மட்டும் வெள்ளையாய் எரியும்,
நாலே நாளில் அங்கேயே அறும்.
புதுக்கம்பிதான் போட வேண்டும்.
பள்ளத்தை நூல் விட்டு அளந்து,
அந்த நீளத்துக்கு, ஒரே சீராக இழுத்து.
அவசரத்தில் இழுத்தால்
நெருக்கமாய் விழுந்த சுற்று முதலில் சாகும்.

பதினாலில் ஷெஃபாலி மண்டல், நான்கு மாதம்.
புருஷனுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ்.
ஒருநாள் மீட்டர் குறிக்கப் போனேன்.
தரையில் ஆப்பிள் பெட்டிப் பலகை,
அதன்மேல் ஏறி நின்று
மரக்கரண்டியால் பருப்பு கிண்டிக்கொண்டிருந்தாள்.
"இன்னாம்மா பலகை?"
கையை உதறிக் காட்டிச் சிரித்தாள்.
"ஜின்ஜின், மாஷி. கொஞ்சம்தான்."
பால் பொங்கின நாளிலிருந்து,
மூன்று வாரமாக,
கொஞ்சம்தான்.

டெஸ்டரை அடுப்பின் உடம்பில் வைத்தேன்.
எரிந்தது.
பிளக்கைப் பிடுங்கித் திருப்பினால் மூன்றாவது முள் இல்லை.
வெள்ளையடித்தபோது சுவர்த்துளை அடைபட்டிருக்கும்,
முள்ளை வெட்டிச் சமாளித்திருக்கிறான் எவனோ.

"ஏன் சொல்லல?"
"சொன்னா அடுப்ப எடுத்துட்டுப் போவீங்க.
ஓட்டல் சாப்பாட்ல உப்பு."

திட்ட வந்த வாயை மூடிக்கொண்டேன்.
நாலு மாதம் முன் அதைத் துடைத்துக் கொடுத்தவள் நான்.
கம்பியைப் பார்த்தேன், பள்ளத்தைப் பார்த்தேன்,
பிளக்கைத் திருப்பிப் பார்க்கவில்லை.

பச்சை ஒயரின் நுனி சீவி,
அடித்தகட்டின் துருவைச் சுரண்டி, திருகை இறுக்கி,
புது பிளக், சுவரில் புது சாக்கெட்,
மேனேஜர் கஜபதி கணக்கில் முகம் சுளிக்க.
அன்றைக்கு ராத்திரியே மற்ற அறைக் கதவெல்லாம் தட்டினேன்.
முப்பத்தொன்றில் ஏழுக்கு முள் இல்லை.

பங்குனி கடைசியில் அவர்கள் காலி செய்தார்கள்.
இரண்டு பேருமாகத்தான்.
காட்பாடிக்கு ஆட்டோ உறுமிக்கொண்டு நிற்க
அடுப்பை அவளே ஏந்திக்கொண்டு வந்தாள்.
பளபளவென்று. சோப்புப் போட்டு,
குழாயடியில் கவிழ்த்துக் கழுவி,
ஓரத்தில் இன்னும் சொட்ட.
"உனக்கு வேலை மிச்சம், மாஷி."

நல்லா இருக்கு என்றேன்.
வேறென்ன சொல்ல, வண்டிக்கு நேரமாகிவிட்டது.

மொட்டைமாடியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.
மூன்று நாள் காயட்டும்,
இந்த ஊர் வெயிலுக்கு மீட்டர் இல்லை.
பிறகு டெஸ்டர். பிறகுதான் பதினாலு.
புதிதாய் வந்தவர்கள் கேட்டபடி இருக்கிறார்கள்,
பிள்ளைக்குப் பால் காய்ச்ச வேண்டுமாம்.
என் அறைக்கு வந்து காய்ச்சுங்கள் என்கிறேன்,
பாதித் தமிழில், பாதி அவர்கள் பேச்சில்.

கட்டிலுக்கு அடியில் அந்தப் பலகை கிடந்தது.
அவர்கள் கண்ணில் படும் முன்
கீழே கொண்டுவந்துவிட்டேன்.